நாலரை மணிக்குள் ஒரு முகம்

மூன்றாவது முறையாக முகத்தைக் கழுவியபோது மணி இரண்டு ஐம்பது. தோல் எரிந்தது. குளியலறைக் கண்ணாடியில் தெரிந்தவன் எங்கோ நாலு பேரிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு முகம் வேண்டும். இல்லையென்றால் மனைவி போய்விடுவாள்.

பட்டறையில் அவனுக்குப் பெயர் கலர். அடிபட்டு வரும் கார்களுக்குப் பெயிண்ட் கலப்பது அவன் வேலை. ஏழு வருஷ வெயிலில் வெளுத்துப்போன சிவப்பைக்கூட அப்படியே டப்பாவுக்குள் கொண்டுவந்துவிடுவான். பழைய கதவு எது, மாற்றிய கதவு எது என்று வண்டிக்காரருக்கே தெரியாது. அந்தக் கை இன்று ஒரு கண் இமையின் மேல் கோடு இழுக்க முடியாமல் திணறியது. காரில் எத்தனை அடி நீளக் கோடானாலும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பான். ஆனால் கார் கண் சிமிட்டாது.

வியாழக்கிழமைதான் மாட்டிக்கொண்டான். பரணில் பழைய டப்பாக்களுக்குப் பின்னால் இருந்த பை மனைவியின் கையில் சிக்கிவிட்டது. அதிலிருந்த விக், இரண்டு சுடிதார், லிப்ஸ்டிக், மை, கிரீம், பவுடர் எல்லாவற்றையும் கட்டிலின் மேல் வரிசையாக வைத்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தாள். யார் அவள் என்றுதான் முதலில் கேட்டாள். எல்லாம் தனக்குத்தான் என்று அவன் சொன்னதும் சிரித்தேவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

“வேற ஒருத்தி இருந்திருந்தா அவகிட்டப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். இதுகிட்டப் போய் நான் என்னன்னு கேக்கறது?”

வெள்ளிக்கிழமை முழுவதும் பேச்சே இல்லை. இன்று காலை செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நாலரைக்கு வந்துடுவேன். நீங்க என்னவா இருக்கணும்னு நினைக்கறீங்களோ அதை முழுசாக் காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்றேன். ஆறு மணிக்கு அண்ணனை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.”

முழுசாக என்றாள்.  முழுசாக அவன் ஒருநாளும் செய்ததே இல்லை. அவள் கடைக்குப் போன பத்து நிமிடத்தில் உதடு மட்டும். இன்னொரு நாள் ஒரு கண் மட்டும். ஒரு காது எப்போதும் வாசல் பக்கமே இருக்கும். படியில் சத்தம் கேட்டால் துடைத்துவிடுவான். இருபத்தைந்து வருஷமாக அவன் பழகியதெல்லாம் துடைப்பதற்குத்தான்.

அவளோ ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கர். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. ஒரு தையல் விலகியிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுவாள். அவள் கண்ணுக்கு முன்னால் எதை வைத்து ஒப்பேற்றுவது?

காலையில் போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்தான். அதில் ஒரு பெண் பேசிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவன் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். காருக்கு முதலில் பிரைமர், அப்புறம் பள்ளம் நிரப்பும் பட்டி, அதன்மேல் பெயிண்ட்; முகத்துக்கும் கிரீமையும் பவுடரையும் அப்படியே அடுக்கினான். பள்ளம் தெரிந்த இடத்திலெல்லாம் இன்னும் கொஞ்சம் அப்பினான். காய்ந்ததும் சிரித்துப் பார்த்தான். வாயோரம் பிளந்துகொண்டது.

இரண்டாவது முறை தாடிதான் பிரச்சினை. இரண்டு தடவை மழித்தும் அடியிலிருந்து நீலச் சாயல் மேலே எட்டிப் பார்த்தது. நீலத்தைக் கொல்ல ஆரஞ்சு வேண்டும் என்பது அவன் தொழில் பாடம். கைவசம் ஆரஞ்சு இல்லாததால் சிவப்பு லிப்ஸ்டிக்கை எடுத்துத் தாடை முழுக்கத் தேய்த்தான். மேலே எத்தனை பூச்சுப் பூசியும் சொறி பிடித்த மாதிரிதான் இருந்தது. மூன்றாவது முறை பாதி வழியிலேயே கண்ணீர் வந்துவிட்டது. மை கன்னத்தில் இறங்கியது. கழுவினான்.

நாலாவது முறை ஓரளவு தேறியது. தாடையில் லிப்ஸ்டிக்கைத் துளிதான் தொட்டான். விக்கை மாட்டி, நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். பரவாயில்லை என்று நினைத்த நேரத்தில் போன் அடித்தது. முதலாளி.

லீவு நாளில் கூப்பிடுவதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் விஷயத்துக்கு வந்தார். அவன் இல்லாதபோது கலந்து அடித்த சில்வர் வண்டியின் கதவு ராத்திரி சரியாக இருந்ததாம், இப்போது வாசலில் நிறுத்தினால் வேறு வண்டிக் கதவு மாதிரி இருக்கிறதாம். கலர் வழக்கமான பதிலைச் சொன்னான். லைட்டு போட்டுப் பார்த்தால் எல்லாக் கலரும் ஒத்துப் போகும், வெளியே எடுத்துப்போய்ப் பார்த்துத்தான் கலக்க வேண்டும், இதை எத்தனை தடவை சொல்வது என்று கொஞ்சம் எரிந்தும் விழுந்தான்.

போனை வைத்தான். தலைக்கு மேலே மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டே பழகியவன் அவன். இந்த முகத்தை ஒருநாளும் பகல் வெளிச்சத்துக்குக் காட்டியதில்லை. ஹாலின் ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. வெளிச்சம் என்று இருந்தது பால்கனியில் மட்டும்தான். அதற்கு நேர் எதிரே இன்னொரு வீட்டுப் பால்கனி.

மணி மூன்று ஐம்பத்தைந்து.

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தபடி வெளியே போய், கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்தான். கைக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். முகம் ஒரு கலர், கழுத்து ஒரு கலர். தாடையில் சாம்பல் பூத்திருந்தது. செத்தவன் முகத்தில் பவுடர் போட்ட மாதிரி.

கழுவ நேரம் இல்லை. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தான். மஞ்சளில் ஒன்றும் பழுப்பில் ஒன்றுமாக இருந்த இரண்டு டப்பாக் கிரீமையும் புறங்கையில் விட்டு, பட்டறையில் செய்வதைப்போல விரல்நுனியால் கலந்தான். கழுத்தோரம் தொட்டுப் பார்த்தான். வெளுப்பு. துளி பழுப்பு சேர்த்தான். கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் மஞ்சள். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது விரல் வைத்த இடம் காணாமல் போயிருந்தது.  மெல்லிய பூச்சாகத் தாடையிலிருந்து கழுத்துக்குள் இறக்கினான்.

இடது பக்கம் நிழல் விழுந்தது. வெளிச்சம் தேடி முகத்தைத் திருப்பியவன், தன்னை மறந்து எழுந்தே நின்றுவிட்டான்.

எதிர்ப் பால்கனியில் அந்த வீட்டு டீச்சரம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நேராகப் பார்த்தாள். அவன் பொத்தென்று உட்கார்ந்தான்.  எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கீழே கேட் திறந்தது.

“என்னம்மா, வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க போலிருக்கே?” என்று டீச்சரம்மா மேலிருந்தே கேட்டாள்.

கீழே கேட்டைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டான். 

“நாத்தனார்,” என்றது மனைவியின் குரல்.

கதவைத் திறந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. அவன் அதற்குள் உள்ளே வந்து ஹால் நடுவில் நின்றிருந்தான். அவள் பார்வை விக்கிலிருந்து ஆரம்பித்துக் கழுத்து, தோள், கைமடிப்பு என்று சட்டையைப் பார்க்கும் வரிசையில் இறங்கியது.

“காதுல பூசல,” என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, சத்தம் இல்லாமல் அழுதாள்.

அவன் அருகில் போகவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னான். பதிமூன்று வயதிலிருந்து. யாருக்கும் தெரியாது. வேறு யாரோடும் எதுவும் இல்லை. முழுக்கப் பெண்ணாகிவிட வேண்டுமா என்று கேட்டபோது மட்டும் தடுமாறினான்.

“இல்ல. எப்பவாவது கொஞ்ச நேரம் இப்படி இருக்கணும். அதுவும் இல்லேன்னா மூச்சு முட்டுது.”

“எனக்கு உங்களைப் பார்த்தா மூச்சு முட்டுது,” என்றாள். “என் பொய்யையும் சேர்த்து இப்ப ரெண்டு பொய் இந்த வீட்டுல.”

அவளுடைய போன் அடித்தது. அண்ணன் கிளம்பிவிட்டான். பெட்டியைக் கீழே கொண்டுவந்து வைக்கச் சொல்கிறான் என்பது அவனுக்கும் கேட்டது. காலையிலேயே கட்டிக் கதவோரம் வைத்திருந்த பெட்டியை அவள் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“இன்னிக்கு வேணாம்ண்ணா. அடுத்த சனிக்கிழமை வா.” ஏன் என்று அண்ணன் கேட்டிருக்க வேண்டும். “அடுத்த சனிக்கிழமை வான்னா வா,” என்று போனை வைத்தாள்.

அவன் நன்றி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையை நீட்டித் தடுத்தாள்.

“இருக்கறேன்னு சொல்லல. என்னால ஒரு நிமிஷத்துக்கு மேல உங்க முகத்தைப் பார்க்க முடியல. ஒரு வாரத்துல முடியுதான்னு பார்க்கறேன். முடியலேன்னா போயிடுவேன்.”

கழுவிவிட்டு வரட்டுமா என்று கேட்டான்.  அவள் எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவன் முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

“நீங்களும் உட்காருங்க,” என்று சொல்லிவிட்டு, அவன் முகத்துக்கு நேராகத் தலையை நிமிர்த்தினாள்.