குட்டைவால் தலைப்பிரட்டை

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் விஸ்வேஸ்வரன் இயற்கையை நேசித்தார். இயற்கை இதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொன்னதில்லை. வடக்கு ஆவணி மூல வீதி வீட்டு மாடியில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று வருஷம் உட்கார்ந்து அவர் எழுதிய இயற்கைப் பாட வழிகாட்டி, அவர் ஆளுகைக்கு உட்பட்ட எல்லா ஆரம்பப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ‘பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள், கண்ணால் காண்பதே கல்வி’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஜன்னலைச் சாத்தியதற்குக் காரணம் உண்டு. திறந்தால் காகிதம் பறக்கும்.

வழிகாட்டி ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் செய்தது. செய்ததில் மரம் மாறியது, பறவை மாறியது, மாதம் மட்டும் மாறவில்லை. சீமையில் பனி உருகிக் குளம் நிறைந்து தவளை முட்டையிடுவது மார்ச் மாதம். ஆகையால் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளும் மார்ச் மாதம் கண்மாய்க்குப் போய்த் தலைப்பிரட்டை பார்க்கவேண்டும் என்று உத்தரவு. மார்ச் மாதத்தில் எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் ஆடு மேயும். இது கண்மாய்களின் ஒழுங்கீனம் என்பது ஆபீஸின் கருத்து.

ஒழுங்கீனத்தைச் சரிசெய்தவன் பியூன் கருப்பு. திருப்பரங்குன்றத்து மலைச் சுனை ஒன்றில் எந்த மாதமும் தண்ணீர் கிடக்கும். அங்கே பத்துப் பதினைந்து தலைப்பிரட்டைகளை ஓர் ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் போகவேண்டிய ஊருக்கு ஒருநாள் முன்னதாகவே போய்விடுவான். வாத்தியார் ஒரு சேவல் கொடுப்பார். கண்மாய்க்குள் முழ ஆழம் தோண்டி, நாலு குடம் தண்ணீர் ஊற்றி, பாட்டிலைக் கவிழ்த்தால் நீர்நிலை தயார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து, பிள்ளைகளோடு குனிந்து பார்த்துப் பரவசப்பட்டுப் போவார். கருப்பு கொஞ்சம் பின்தங்கி நின்று, நீர்நிலையை மறுபடி பாட்டிலுக்குள் வழித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவான். இப்படி ஐந்து பள்ளிகள் தேறிவிட்டன.

விஸ்வேஸ்வரனுக்கு மட்டும் இது தெரியாது. தெரியாமல் இருந்ததோடு விட்டிருந்தால் பாதகமில்லை. அவர் ஒன்றைக் கண்டுபிடித்தும் விட்டார். முதல் ஊரில் ஒரு தலைப்பிரட்டைக்குப் பாதி வால்தான் இருந்தது. இரண்டாவது ஊரிலும் அப்படி ஒன்று. மூன்றிலும் ஒன்று. ஐந்து ஊர், ஐந்து கண்மாய், ஐந்திலும் அரைவால். இது மதுரைச் சமவெளிக்கே உரிய புது ஜாதி என்று தீர்மானித்து, ‘குட்டைவால் தலைப்பிரட்டை’ என்று நாமகரணமும் செய்து, எட்டுப் பக்கக் கட்டுரை எழுதி மெட்ராஸில் ஓர் ஆசிரியர் பத்திரிகைக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். பிரசுரிக்கிறோம் என்று பதில் கார்டு வந்தது. கார்டு அவர் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. எதிரே வருகிறவர் ஏமாந்து “சௌக்கியமா” என்று கேட்டால் வெளியே வரும்.

ஆறாவது பள்ளி நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, மலையடியில் ஒரு சிற்றூரில் இருந்தது. அந்த ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் எழுதி வைத்திருந்தது. திருடியவன், திருடாதவன், திருடத் தெம்பில்லாதவன் எல்லோரும் பொழுது சாயும்போது சாவடி முன் வரிசையில் நின்று போலீஸ் நோட்டில் பெருவிரல் ரேகை வைக்கவேண்டும். ஊரில் ரேகை வைக்காத ஒரே ஆள் வாத்தியார் சோணைமுத்து. சர்க்கார் சம்பளத்தில் இருக்கும்வரை அவருக்கு விலக்கு. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த முறை இன்ஸ்பெக்டர் பார்வைப் புத்தகத்தில் ‘நிரந்தரம் செய்யலாம்’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் பெருவிரல் அவருக்குச் சொந்தம். எழுதாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி அவரும் வரிசையில் நிற்பார். அவருடைய மச்சினன் முத்திருளன் பக்கத்தில் இடம் போட்டே வைத்திருந்தான். “வாத்தியாருக்கு எங்க வெரலைக் கண்டா ஏளனம். வாங்க மாப்ள, மை ஒட்டுனா எல்லா வெரலும் ஒண்ணுதான்” என்று போகும்போதும் வரும்போதும் சொல்லுவான்.

சோணைமுத்துவுக்கு ஒரு குறை உண்டு. வழிகாட்டியின் முதல் பக்கத்தை அவர் நம்பிவிட்டார். ஒரு வருஷமாகப் பிள்ளைகளைத் தினமும் வெளியே கூட்டிப் போனார். காய்ந்த கண்மாயில் பார்க்க என்ன இருக்கிறது? தடம் இருக்கிறது. அந்த ஊரில் மாடு களவு போனால் மண்ணில் பதிந்த குளம்பைப் பார்த்துக்கொண்டே நாலு ஊர் தாண்டிப் போய் மாட்டைப் பிடித்து வருகிறவர்கள் உண்டு. அந்த வித்தையையே அவர் பாடமாக்கினார். எந்தக் கீரி எந்தப் பக்கம் போனது, நொண்டிக் கொக்கு எங்கே இறங்கியது, எந்த வளையில் நண்டு இருக்கிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மண்ணைப் பார்த்துச் சொல்லின. கண்டதை நோட்டில் எழுதின. மார்ச் முதல் வாரத்துக்கு ஒச்சம்மாள் என்ற எட்டு வயதுப் பெண் எழுதியிருந்தது இது: ‘கண்மாயில் தண்ணீர் இல்லை. தலைப்பிரட்டை இல்லை. தவளை மண்ணுக்குள் இருக்கிறது. மழை வந்தால் வரும்.’

முதல் நாள் மத்தியானம் கருப்பு பாட்டிலோடு வந்து சேர்ந்தான். சோணைமுத்து முதலில் அவனைப் போகச் சொன்னார். இல்லாததை இருக்கு என்று காட்ட இது என்ன கண்கட்டு வித்தையா என்று கேட்டார். கருப்பு கோபித்துக்கொள்ளவில்லை.

“அஞ்சு வாத்தியாரு தேறிட்டாக. ஒங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. தலைப்பிரட்டை இல்லேன்னா அந்தாளு வாத்தியாரு இல்லேன்னு எழுதிருவாரு” என்றான்.

உள்ளேயிருந்து சோணைமுத்துவின் மனைவி செல்லக்கிளி சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து கருப்பு முன்னால் போட்டாள். “ஒங்க நேர்மையை வச்சு நான் கொழம்பு வைக்க முடியாது. எங்க அண்ணன் பக்கத்துல போயி நிக்கிறதுன்னா நில்லுங்க, எனக்கென்ன” என்றாள். குடிக்கிற தண்ணீருக்கே ஒரு மைல் நடக்கவேண்டிய பங்குனி வெயிலில், நாலு குடத்தை நாலு நடையாகச் சுமந்து கண்மாய்க்குள் கொண்டுபோய்க் கொட்டினாள். ஒவ்வொரு குடத்துக்கும் புருஷனுக்கு ஒரு வசவு. நாலாவது குடத்துக்கு விஸ்வேஸ்வரனுக்கும் பங்கு கிடைத்தது. கருப்பு பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுச் சேவலோடு போனான். கடைசியில் சோணைமுத்து வேப்பங்குழை ஒன்றை ஒடித்து, பொழுது சாய்ந்த இருட்டில் கண்ணுக்குத் தட்டுப்பட்ட தடத்தை மட்டும் கூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. செல்லக்கிளி கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கருப்புவோடு வில்வண்டியில் வந்தார். கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி, தலையில் ஜரிகைத் தலைப்பாகை. இயற்கையைப் பார்க்க ஜரிகை எதற்கு என்று இயற்கையும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. நோட்டுகளைப் புரட்டினார். ஒச்சம்மாளின் நோட்டில் கண் நின்றது.

“என்னங்காணும் இது? இல்லை, இல்லைன்னு எழுதி வச்சிருக்கே. இல்லாததைப் பார்க்கறதுக்கா சர்க்கார் உமக்குச் சம்பளம் குடுக்கறது?”

பார்க்கத் தெரியாதவனுக்குத்தான் இல்லை என்று தோன்றும் என்று இன்ஸ்பெக்டர் கால் மணி நேரம் விளக்கினார். பிறகு எல்லோரும் கண்மாய்க்குப் போனார்கள்.

பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கண்மாயின் நடுவே, அண்டா அகலத்துக்கு ஒரு குட்டை பளபளத்தது. என்ன தெரிகிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தலைப்பிரட்டை என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லின. வாத்தியார் காலையில் சொல்லிக்கொடுத்திருந்தார். விஸ்வேஸ்வரன் தடியை ஊன்றிக் குனிந்தார். அரைவாலோடு ஒன்று நீந்தியது. ஆறாவது நீர்நிலை, ஆறாவது சாட்சி என்றார். கார்டை எடுத்துச் சோணைமுத்துவுக்கு வாசித்துக் காட்டினார். ஐந்து ஊர்ப் பெயரையும் அடுக்கினார். பார்வைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

புத்தகம் வந்தது. பேனா திறந்தது. அப்போதே எழுதியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆனால் பெரிய மனுஷர்களுக்கு உபரியாக ஒரு கேள்வி எப்போதும் தொண்டையில் நிற்கும்.

“வேற என்ன தெரியறது? கண்ணால கண்டதைப் பயப்படாம சொல்லணும்” என்று ஒச்சம்மாளைப் பார்த்தார்.

அவள் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைப் பார்த்தாள்.

“இது நேத்து ஊத்துன தண்ணி சார். நாலு குடம். ஒரே பொம்பளை நாலு நடை வந்திருக்காக. வாரப்ப குதிகால் அழுந்தியிருக்கு, போறப்ப அழுந்தலை.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அது அவருக்குப் புரியவில்லை என்பதற்கு அடையாளம்.

“அப்புறம் ஒரு செருப்புக்காலு. எடது குதியில ஆணி ரெண்டு இருக்கு, மூணாவது விழுந்திருச்சு. ஆளு குந்தி ஒக்காந்து ஒரு பாட்டிலை வச்சிருக்காரு. இந்தா, வட்டமா பதிஞ்சிருக்கு. குட்டைவாலுக்குப் பொறவிலேயே வால் கொறச்சல் இல்ல சார். எதுலயோ நசுங்கி அறுந்திருக்கு, நுனி நைஞ்சு கெடக்கு.”

எல்லோரும் கருப்புவின் காலைப் பார்த்தார்கள். கருப்பு இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தான். முடியாமல் போகவே மலையைப் பார்த்தான். அவன் தோள்பையில் பாட்டில் கழுத்து தெரிந்தது. கட்டை மூடி கச்சிதமாக, வால் சிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

“அப்புறம் யாரோ வேப்பங்கொழையால தடத்தைக் கூட்டியிருக்காக” என்றாள் ஒச்சம்மாள்.

“யாரு?” இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது.

கூட்டிய இடத்தின் ஓரத்தில் ஓர் ஆணின் வெறுங்கால் தடமும் தப்பியிருந்தது. பெருவிரல் தனியே விலகிய கால். ஒரு வருஷம் அந்தக் காலுக்குப் பின்னால்தான் அவள் கண்மாய் முழுக்க நடந்திருக்கிறாள். தடத்தைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்க்கவில்லை.

“தெரியலை சார்.”

அந்த வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் போன முதல் தடம் அதுதான்.

பிள்ளைகளைக் கரைக்கு விரட்டிவிட்டு விஸ்வேஸ்வரன் சோணைமுத்து பக்கம் திரும்பினார். முகம் தலைப்பாகை ஜரிகையைவிட மின்னியது. பியூனை ஏசினால் தன் ஆபீஸை ஏசியதாகும். ஆகவே ஊரை ஏசினார்.

“பொறுக்கிப் பசங்களுக்குத் துப்புப் பார்க்கச் சொல்லிக் குடுத்திருக்கீர். இதுக்குப் பேர் இயற்கைப் பாடமா? ரத்தத்துல இருக்கறது எங்கேய்யா போகும்? மோசடி பண்ணினதுக்கு இன்னிக்கே ரிப்போர்ட் போகும். ஏப்ரல்லேர்ந்து நீரும் போய்க் கட்டைவிரலை நீட்டும்.”

“எழுதுங்கய்யா” என்றார் சோணைமுத்து. “மிச்சம் வைக்காம எழுதுங்க. பாட்டிலு ஒங்க ஆபீஸ்ல இருந்து வந்துச்சு. சொமந்தது ஒங்க பியூனு. அஞ்சு ஊருல எறங்கி ஏறுனது இந்த ஒத்தக் குட்டைவாலுதான். மூடியில நசுங்குன வாலுக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்கீக. நீங்க ரிப்போர்ட் போட்ட அன்னிக்கே மெட்ராஸ் பத்திரிகைக்கு நானும் ஒரு கார்டு போட்டுர்றேன்.”

“மிரட்டறீரா?”

“கண்டதைச் சொல்றேன். ஒங்க புத்தகத்துல மொதப் பக்கத்துல போட்டிருக்கு.”

இருவரும் குட்டையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். நடுவே தலைப்பிரட்டைகள், மனித ஜாதி தங்களுக்காகச் சண்டை பிடிப்பதை அறியாமல் நீந்தின. பார்வைப் புத்தகம் கருப்புவின் கையில் இருந்தது. கடைசியில் விஸ்வேஸ்வரன் அதைப் பிடுங்கி எழுதினார். ‘நீர்நிலையில் தலைப்பிரட்டை காட்டப்பட்டது. ஆசிரியரை நிரந்தரம் செய்யலாம்.’ ஒரு வரி விட்டு இன்னும் எழுதினார்: ‘இப்பள்ளியில் இனி வெளிப்பாடம் கூடாது. பிள்ளைகள் வகுப்பறையை விட்டு இறங்கினால் நியமனம் ரத்து.’ கையெழுத்துப் போட்டு, மை காயுமுன் புத்தகத்தை மண்ணில் எறிந்தார்.

வண்டி கிளம்பும் இடத்தில் செல்லக்கிளி நின்றிருந்தாள். பிள்ளைகள் மூலம் சேதி அவளுக்குப் போயாகிவிட்டது. கருப்புவை மறித்து, “ஒங்க கூத்து கலைஞ்சுபோச்சுல்ல அண்ணே, என் சேவலை விட்டுட்டுப் போங்க” என்றாள். வண்டிக்கு அடியில் கட்டியிருந்த சேவலை அவன் அவிழ்த்துவிட்டதும் அது வில்வண்டிக் கூண்டின் மேல் ஏறி நின்று ஒருமுறை கூவியது. அன்றைக்கு அந்த ஊரில் எதற்கும் கட்டுப்படாமல் வாயைத் திறந்தது அது ஒன்றுதான்.

தலைப்பிரட்டைகளை வழித்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் அவற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு பள்ளிக்கூடத்துக் கல்தொட்டியில் விட்டார்கள். ஏப்ரல் முதல் தேதி முத்திருளன் வரிசையில் நின்றபடி, சாவடியைத் தாண்டிப் போன சோணைமுத்துவைப் பார்த்துக் காறித் துப்பினான். வாத்தியார் விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனார்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பத்திரிகை வந்திருந்தது. முதல் கட்டுரையே விஸ்வேஸ்வரனுடையது, படத்தோடு. மதுரைச் சமவெளியின் குட்டைவால் தலைப்பிரட்டையை எல்லா வகுப்பிலும் போதிக்கவேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. அந்தப் புது ஜாதிக்கு இருந்த ஒரே சாட்சி, மிச்சமிருந்த அரை வாலையும் எப்போதோ உள்ளிழுத்துக்கொண்டு, மற்றவற்றைப் போலவே சாதாரணத் தவளையாகித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

சோணைமுத்து கரும்பலகையில் எழுதிப்போட்டார். ‘குட்டைவால் தலைப்பிரட்டை பிறவியிலேயே வால் குறைந்தது. மார்ச் மாதத்தில் கண்மாய்களில் ஏராளமாகக் காணலாம்.’ பிள்ளைகள் பார்த்து எழுதின. ஒச்சம்மாள் பென்சிலைப் பிடித்தபடி ஜன்னல் வழியே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோணைமுத்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“பாக்காத” என்றார். “எழுது.”