கருகலின் கைப்பக்குவம்

கருகல் என்று அவருக்குப் பெயர் வைத்தது பெற்றவர்கள் இல்லை, பட்டாளம். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

இதில் அநியாயம் என்னவென்றால், மனுஷன் அருமையான சமையல்காரர். போரிலிருந்து திரும்பியதும் பஸ் டிப்போ கேன்டீனில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே சமைத்தார். கண்டக்டர்கள் டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து தட்டை நீட்டுவார்கள். டிப்போ மேனேஜர் வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியரை மேஜைக்கு அடியில் ஒளித்துவிட்டுக் கேன்டீனில் வந்து உட்காருவார். அப்படிப்பட்ட கைக்குக் கருகல் என்று பெயர். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

பெயர் வந்த கதை இதுதான். சண்டை நடந்த காலத்தில் ஒரு மலைச்சரிவில் இவர்கள் குழு பதுங்கியிருந்தது. தகரக் கொட்டகை ஒன்றுதான் தங்குமிடம். ஒருநாள் சாயங்காலம் டின் இறைச்சியையும் பயறையும் அண்டாவில் போட்டுக் குழம்பு வைத்தார். நடுவில் எதிராளி நாலு குண்டு போட, கரண்டியை எறிந்துவிட்டுக் குழிக்குள் குதித்தார். திரும்பி வந்து பார்த்தால் அடி பிடித்திருந்தது. பசிக்கு முன்னால் கருகலாவது ஒன்றாவது? அத்தனை பேரும் வழித்து நக்கினார்கள். விடிவதற்குள் அத்தனை பேர் வயிற்றிலும் கலவரம். ஒருத்தர் விடாமல் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துப் புதர்களுக்கு ஓடினார்கள்.

சமையல்காரர் வயிறு மட்டும் கல்லு மாதிரி இருந்தது. அவரும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டார். "சமைக்கிறவன் வயிறு இரும்புடா" என்று மற்றவர்கள் திட்டினார்கள். பாவம், செய்த குற்றத்துக்குப் பிராயச்சித்தமாக இரண்டு கேனில் தண்ணீர் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே பள்ளத்தில் இறங்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு குண்டு நேராக வந்து கொட்டகையின்மேல் விழுந்தது. கொட்டகை இருந்த இடத்தில் பெரிய குழிதான் மிச்சம். ஆள் சேதம் இல்லை. ஆட்கள் எல்லாரும் புதருக்குள் குந்தியிருந்தார்கள்.

அதுவரை "விஷம் வெச்சதுக்கு இவனை உள்ள தள்ளறேன் பாரு" என்று பள்ளத்திலிருந்து கத்திக்கொண்டிருந்த சார்ஜென்ட், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி மேலே ஏறி வந்தார். புகையைப் பார்த்தார். பின்னாலேயே கேனோடு ஏறி வந்த சமையல்காரரைப் பார்த்தார். அப்படியே கட்டிப்பிடித்து, "என் பசங்களைக் காப்பாத்திட்டியேடா, கருகல்!" என்று அழுதார். கேனும் கையுமாக நின்ற அந்தச் சின்ன வயசுக்காரருக்கு நெஞ்சு விம்மியது. அவ்வளவு பெரிய வார்த்தையை அதற்கு முன்னும் யாரும் அவரிடம் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே தேதியில் அந்தக் கூட்டம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வரும். அதே டின் இறைச்சி, அதே பயறு, அதே கருகல். அடி பிடிக்காவிட்டால் விடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருக்கும்போதே வயிறு கலக்கும். வீட்டில் இருப்பது ஒரே கழிவறை. அதற்கு முன்னால் வரிசை கட்டி நின்று, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து, பழைய கதை பேசிச் சிரிப்பார்கள். கருகல் மட்டும் வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டித் தாண்டி நடப்பார்.

போகப்போக வரிசை சுருங்கியது. இப்போது மிச்சம் சார்ஜென்டும், லாரியும், ரேடியோவும்தான். லாரி பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம். ரேடியோ கம்பியில்லாக் கருவியை முதுகில் சுமந்தவர். கருவியை எப்போதோ இறக்கி வைத்துவிட்டார், வாயைத்தான் இன்னும் அணைக்கவில்லை.

அந்த வாயால்தான் வினை வந்தது. போன மாசம் கருகல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். டிப்போவில் பாராட்டு விழா. மேனேஜர் தழுதழுத்த குரலில், "இந்தக் கை இனிமே எங்களுக்குக் கிடைக்காது" என்றார். கருகலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? "நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்" என்று விழாவுக்கு வந்திருந்த ரேடியோ எழுந்தார். ரெண்டு வார்த்தையா? அண்டாவில் ஆரம்பித்துக் கழிவறை வரிசைவரை ஒன்று விடாமல் அவிழ்த்துவிட்டார். டிப்போவே உருண்டு புரண்டு சிரித்தது. மறுநாள் காலை பால் வாங்கப் போனவரைப் பார்த்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு கண்டக்டர் தலையை நீட்டி, "கருகல் சார், வயிறு எப்படி இருக்கு?" என்றான். அத்தனை வருஷக் கைப்பக்குவமும் அந்த ஒரு கேள்வியில் காற்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து பால் பாக்கெட்டை மேஜைமேல் அறைந்தார். "இந்த வருஷம் கருக விடமாட்டேன். ஒழுங்கா சமைக்கப்போறேன். அந்தக் கிழட்டு சார்ஜென்ட் வாயால 'நல்லா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை வாங்காம விடமாட்டேன்."

"வாங்கிக் கிழிச்சீங்க," என்றாள் மனைவி. பாக்கெட் உடைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா அந்தத் தீய்ஞ்சதை நான் வாயில வெச்சதே இல்ல. நீங்க ஒழுங்கா சமைச்சா நானும் கூட உக்காந்து சாப்பிடறேன்."

விருந்து நாள் வந்தது. டின்னுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கசாப்புக் கடைக்கு நேரில் போய் நின்று, "இதில்ல, அந்தத் தொடை" என்று கடைக்காரர் பொறுமையைச் சோதித்து வாங்கி வந்தார். முதல் நாளே ஊறவைத்த பயறு. வெங்காயத்தைச் சின்னத் தீயில் வைத்து, பொன்னிறம் வரும்வரை அவசரப்படாமல் வதக்கினார். குழம்பு கொதிக்க ஆரம்பித்ததும் மரக்கரண்டியைக் கையிலிருந்து வைக்கவே இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. மூக்கு அரித்தது, அதையும் பொறுத்துக்கொண்டார். வாசனை படிக்கட்டு வழியாக இறங்கிக் கீழே இஸ்திரிக் கடைக்குள் நுழைந்தது. இஸ்திரிக்காரர் கண்ணை மூடி மோப்பம் பிடித்துக்கொண்டே நின்றதில் யாரோ ஒருத்தருடைய சட்டைக் காலர் தீய்ந்துபோயிற்று. அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் கருகியது அது ஒன்றுதான்.

மூன்று பேரும் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்கள். வாசலிலேயே சார்ஜென்ட் நின்றுவிட்டார். மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்னடா இது? தீய்ஞ்ச வாடையே இல்லையே?"

"வாசனை இருக்கு சார்," என்றார் கருகல், மிடுக்காக.

சார்ஜென்ட் முகம் தொங்கிப்போயிற்று. மேஜை முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து தன் பழுப்பு பாட்டிலை எடுத்து வைத்தார். அது அவருடைய கஷாயம். வயிற்றுக்குக் காவல் என்று சொல்வார். மலைச்சரிவில் குண்டு விழுந்ததற்கு முந்தின சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால்தான், தண்ணீர் சரியில்லை என்று, அங்கே கண்ட ஏதோ இலையைப் பறித்து அவருடைய அம்மா காய்ச்சுகிற மாதிரி முதன்முதலாகக் காய்ச்சினார். ஆளுக்கொரு மூடி ஊற்றிக் கொடுத்தார். அந்தச் செடியை வேரோடு கொண்டுவந்து இன்றுவரை தொட்டியில் வளர்க்கிறார். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, இந்த விருந்துக்கென்றே காய்ச்சுவார். "இது மட்டும் உள்ள போகலேன்னா இவன் சமையலுக்கு அன்னைக்கே உயிர் போயிருக்கும்" என்பது அவர் கட்சி. சமைக்கிறவனுக்கு மட்டும் கிடையாது. நாக்கு கசந்தால் உப்பு புளி தெரியாதாம்.

ஆளுக்கொரு மூடி குடித்தார்கள். முகத்தைச் சுளித்தார்கள். கருகல் பரிமாறினார். மனைவியும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

லாரி மூன்றாவது கிண்ணத்தை நீட்டினார். ரேடியோ, நம்பினால் நம்புங்கள், வாய் திறந்தது சாப்பிட மட்டும்தான். சார்ஜென்ட் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, ரொட்டித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்தார். கருகல் கரண்டியோடு அவர் பக்கத்திலேயே நின்றார்.

"எப்படி சார் இருக்கு?"

"ம்."

அவ்வளவுதான். ஒரு "ம்". காலையிலிருந்து அடுப்படியில் வெந்ததற்குக் கூலி அது. கருகலுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுப்பைத் துடைக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்க் கரண்டியைக் கழுவுதொட்டியில் போட்டார்.

கூடத்தில் ரேடியோ பழைய கதையை எடுத்தார். குண்டு விழுகிற கட்டம்கூட வரவில்லை. திடீரென்று நிறுத்திவிட்டு வயிற்றில் கை வைத்தார். "டேய்..." என்றார். லாரி ஏற்கெனவே எழுந்துவிட்டார். ஆனால் வயசுக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, சார்ஜென்ட் இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுப்படியில் கருகல் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். புது இறைச்சி, நல்ல பயறு, கருகல் ஒரு துளி இல்லை. இருந்தும் இப்படி என்றால்? "அப்ப என் கைதான்டி விஷம்," என்றார். "அவனுங்க சொன்னது சரிதான். டிப்போல எப்படித்தான் இத்தனை வருஷம் ஒருத்தனும் சாகாம இருந்தானோ."

மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "நான் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உனக்கு ஒண்ணும் ஆகலியா?"

"மூணாவது கிண்ணம் கேக்கலாமான்னு இருக்கு. நீங்களும்தான் காலையிலேர்ந்து ருசி பாத்தீங்க, உங்களுக்கும் ஒண்ணும் ஆகல. எந்த வருஷமும் ஆனதில்ல. அப்ப அவங்க மூணு பேர் உள்ள தள்ளி, நாம தள்ளாதது என்ன?"

இருவரும் ஒரே நேரத்தில் கூடத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள். பழுப்பு பாட்டில், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி அங்கே நின்றது.

"அடப்பாவி மனுஷா!" என்று அவள் பல்லைக் கடித்தாள். "தன் பசங்களுக்குத் தானே பேதி மருந்தைக் குடுத்துட்டு, பழியை உங்க தலையில கட்டிட்டாரே! போங்க. போய்க் கதவைத் தட்டிச் சொல்லுங்க. டிப்போவுக்கும் போய்ச் சொல்லுங்க. அந்த ரேடியோ அண்ணன் வாயாலயே சொல்ல வைங்க!"

கருகல் பாட்டிலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது. கதவுக்கு வெளியே லாரியும் ரேடியோவும் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். தட்டக் கையை ஓங்கினார். உள்ளேயிருந்து சார்ஜென்ட் குரல் கேட்டது. மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கருகல் வந்துட்டானா? டேய், படி ஏறும்போதே பயந்துட்டேன்டா. வாசனை அப்படி இருக்கு! இவன் நல்லா சமைச்சுட்டானே, இனிமே நம்மளைக் காப்பாத்த யாரு இருக்கான்னு நெஞ்சே அடைச்சிடுச்சு. அதான் வாயைத் திறக்கல. நல்லா இருந்துச்சுடா. என் ஆயுசுல அப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்ல. ஆனா பாரு, நல்லா இருந்தும் வேலை செஞ்சுதே! உன் கையே கைடா! என் பசங்களைக் காப்பாத்தின கைடா அது!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மனைவி அடுப்படி வாசலிலிருந்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று ஜாடை காட்டினாள். சொல்லலாம்தான். சொன்னால் கருகல் என்ற பெயர் இன்றோடு ஒழியும். ஆனால் அப்புறம் பசங்களைக் காப்பாற்றியது யார்? இந்த பாட்டில். இந்தக் கை வெறுமனே நல்ல குழம்பு வைத்த கையாகிவிடும். நல்ல குழம்பு வைக்க உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றினாய் என்று புகைக்கு நடுவில் நின்று அந்த ஆயிரம் பேரில் யாரையாவது கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்களா? அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மூடியைத் திருகினார். மூடியில் ஊற்றவெல்லாம் இல்லை. பாட்டிலையே கவிழ்த்துக் கடகடவென்று குடித்தார்.

"ஐயையோ!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உஷ்," என்றார் கருகல், வாயைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்கு அவரவர் முறை ஒரு தடவையோடு முடியவில்லை. இரண்டாவது சுற்றுக்கு வரிசை கட்டியபோது, கடைசியில் புதிதாக ஓர் ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ரேடியோ திரும்பிப் பார்த்தார். வாய் பிளந்தவர் பிளந்தபடியே நின்றார், சத்தம் வரவில்லை.

"தண்ணி வாளி எங்கடா?" என்றார் கடைசியில்.

"இன்னைக்கு நீங்க யாராவது தூக்குங்கடா. என்னால முடியல."

உள்ளேயிருந்து சார்ஜென்ட், "யாருடா அது கடைசியில?" என்றார்.

"நான்தான் சார். கருகல்."

லாரி அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்று இடம் விட்டார். "முன்னாடி போடா," என்றார். "எங்களுக்குப் பழகிப்போச்சு."