சத்தம் போடும் பிரேக்

புஷ்பராஜின் சைக்கிளுக்கு மவுண்டன் பைக் என்று பெயர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் மவுண்டன் எங்கே இருக்கிறது என்று அவன் வீடு இருந்த குறுகிய ஒழுங்கையில் ஒருத்தர் விடாமல் கேட்டுவிட்டார்கள். அவன் வேலை செய்தது ஒருகொடவத்தையில், கொள்கலன்கள் அடுக்குகிற ஒரு யார்டில். போகிற வழியில் ஏற்றம் என்று சொல்ல இருப்பது மேம்பாலம் மட்டும்தான். ஆனால் அந்த வீதியின் குழிகளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, தடித்த டயரும் முன்பக்கம் குலுக்கல் தாங்கும் ஷொக்கும் உள்ள சைக்கிள் எதற்கு என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடையில் இருந்ததிலேயே மலிவானது அது. இரும்பு உடம்பு, பிளாஸ்டிக் பெடல். இருபத்தொரு கியர் என்று ஸ்டிக்கர் சொன்னது; ஐந்தாறுதான் சொன்னபடி கேட்டன. சீட்டைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை. சைக்கிள் திருத்துகிற சிறில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மல்லி, பேரைப் பாத்து மலைக்குக் கிலைக்குக் கொண்டு போயிராத. ரோட்டோட நிப்பாட்டிக்க," என்றார். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்பது அவர் வழக்கம்.

எல்லாம் தெரிந்தும் புஷ்பராஜுக்கு அதன்மேல் பைத்தியம். நாற்பத்திரண்டு வயது வரை பஸ்ஸில் யாரோ ஒருவரின் அக்குளுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு வேலைக்குப் போன மனிதன். இப்போது காலைக் காற்று முகத்தில் பட, நெரிசலில் நிற்கிற பஸ்களை ஓரத்தால் முந்திக்கொண்டு போனான். ஞாயிறுகளில் கல்கிசை வரை போய், கடலைப் பார்த்து பால் விடாத ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத் திரும்பினான். கலியாணத்துக்குப் பிறகு தனக்கென்று அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

மனைவி துஷ்யந்திக்குத்தான் பயம். அவளுடைய தம்பி நிரோஷன் மோட்டார் சைக்கிளில் போய் லொறியோடு மோதியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு பகலாக இருந்தவள் அவள். தம்பி இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஒருக்கா விழுந்தீங்கள் எண்டாலும் இது இந்த வீட்டில நிக்கக் கூடாது. ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றான் புஷ்பராஜ். வாங்கிய சந்தோஷத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பான்.

அவன் வேதக்காரன், ஹேண்டிலில் அந்தோனியார் படம் ஒட்டினான். அவள் வெள்ளவத்தைச் சைவக் குடும்பத்துப் பெண்; வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வந்து, அதே ஹேண்டிலில் சந்தனப் பொட்டு வைத்தாள். அந்தோனியாரும் பிள்ளையாரும் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றாக யார்டுக்குப் போய் வந்தார்கள்.

ஒரே குறை, பிரேக். அது டிஸ்க் பிரேக். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சின்னக் கட்டைகள் அந்தத் தட்டை இறுக்கி நிறுத்தும். விலை கூடிய சைக்கிள்களில் எப்படியோ தெரியாது, இவனுடையது கிறீச் என்று ஊரைக் கூட்டியது. ஒழுங்கை வளைகிற முடக்கில் அவன் பிரேக் பிடித்தால் படுத்திருக்கிற நாய்கள் எழுந்து நிற்கும். காது கூசுகிறது என்று துஷ்யந்தி தினமும் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தச் சத்தம் நின்றுவிட்டது. முடக்குக்குப் போனவன் திரும்பி வந்து, மாடி பல்கனியில் நின்றவளைப் பார்த்துக் கத்தினான்.

"துஷி, பாத்தியா? சத்தமே இல்ல!"

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். பிரேக் கொஞ்சம் மெத்தென்று இருப்பது போல அவனுக்குப் பட்டது. புதுச் சைக்கிள் பழகி வருகிறது என்று நினைத்துக்கொண்டான்.

மேம்பாலத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கும்போது, முன்னால் போன த்ரீவீலர் யாரையோ ஏற்றுவதற்குப் பட்டென்று நின்றது. புஷ்பராஜ் இரண்டு பிரேக்கையும் பிடித்தான். பிடித்தது மாதிரியே இல்லை. விரல் வெளுக்க இறுக்கினான். சைக்கிள் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கொள்கலன் லொறியின் ஹோர்ன் கேட்டது. ஹேண்டிலை ஓரத்துக்கு வெட்டி, கல்லும் மணலுமாகக் கிடந்த இடத்தில் சைக்கிளோடு சரிந்தான். லொறி பக்கத்தால் கடந்து போனது. முழங்காலும் முழங்கையும் உரிந்து, மணிக்கட்டு சுளுக்கியதோடு தப்பினான்.

துஷ்யந்தி புண்ணைக் கழுவினாள். மருந்து பூசி முடித்த பிறகு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சொன்னது ஞாபகம் இருக்குதுதானே?"

"பிரேக் பிழை, துஷி. சிறில் அண்ணனிட்டக் குடுத்து ஒழுங்காத் திருத்தினா..."

"அடுத்த முறை லொறி விலகிப் போகாட்டி?"

ஆனாலும் அவனுக்கு ஆசை விடவில்லை. என்ன பிழை என்று சிறில் சொன்னால், அதை வைத்து அவளோடு கதைத்துப் பார்க்கலாம் என்று திங்கட்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

சிறில் அந்த இரும்புத் தட்டை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"யாருடா இதுக்குத் தேங்கா எண்ணெய் பூசினது? ரெண்டு சக்கரத்துத் தட்டிலயும் வழிச்சுப் பூசியிருக்கே! டிஸ்க்கில எண்ணெய் பட்டா பிரேக் எங்க பிடிக்கும்? ஆளைக் கொல்லுற வேலை மல்லி இது."

புஷ்பராஜுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை துஷ்யந்தி கோயில் விளக்கு எண்ணெயைச் சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தாள். அவன் தலையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, போத்தலோடு கீழே இறங்கிப் போனாள். அவன் விழக்கூடாது என்று சைக்கிளுக்கும் பூசப் போயிருக்கிறாள்.

"நான்தான் பூசினன் அண்ணே," என்றான். சிறில் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து, கட்டைகளையும் மாற்றிக் கொடுத்தார். சத்தம் பழையபடி வந்தது.

இனி அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சைக்கிள் தப்பிவிடும். ஆனால் அந்த வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வது? தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவளிடம், உன் கையால்தான் நான் லொறிக்குள் போகப் பார்த்தேன் என்றா சொல்வது? வாய்க்குள் போட்டு மென்று விழுங்கிவிட்டு, சைக்கிள் விற்பனைக்கு என்று போனில் விளம்பரம் போட்டான். மறுபடியும் பஸ். மறுபடியும் அக்குள். பெரிய தியாகி என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிழமை முழுக்க அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்று கூட எரிந்து விழுந்தான். சைக்கிள் போகிற கவலை என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் இருந்து ஷிராஸ் என்றொரு முஸ்லிம் இளைஞன் சைக்கிளைப் பார்க்க வந்தான். ஒழுங்கையில் ஓடிப் பார்த்து, முடக்கில் கிறீச் என்று நிறுத்தினான்.

"எல்லாம் நல்லா ஈக்கிது நானா. இந்தச் சத்தம்தான்..." என்று புஷ்பராஜிடம் இழுத்தான்.

விற்கிற நேரத்தில் தன்னாலும் ஏதாவது உதவி இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, துஷ்யந்தி மேலே ஓடிப்போய்ப் போத்தலோடும் பஞ்சோடும் வந்தாள்.

"அது ஒண்டுமில்லைத் தம்பி. இது கோயில் எண்ணெய். நீங்கள் வேற சமயம் எண்டாலும், எண்ணெய் எண்ணெய்தானே. போன கிழமை நான் இந்த ரெண்டு தட்டிலயும் நல்லாப் பூசிவிட்டனான், அடுத்த நாளே சத்தம் நிண்டிட்டுது. வீட்டை போய் நீங்களும் இப்பிடி..."

பஞ்சை நனைத்துக்கொண்டு குனிந்தாள்.

"துஷி! பூசாத!"

அவன் போட்ட சத்தத்தில் ஷிராஸ் சைக்கிளை விட்டுவிட்டான். அது சுவரில் சாய்ந்தது. துஷ்யந்தி பஞ்சும் கையுமாக நிமிர்ந்தாள். முன்னால் நிற்பவன் யாரோ பெற்ற பிள்ளை. இனி மூடி மறைக்க வழியில்லை.

"தம்பி, அதில எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது. ஒரு சொட்டும் படக் கூடாது," என்றான் புஷ்பராஜ், அவளைப் பார்க்காமல்.

துஷ்யந்தி சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அவனுடைய முழங்கையில் காயாமல் இருந்த புண்ணைப் பார்த்தாள்.

"அப்ப சனிக்கிழமை..."

அவன் சுவரில் சாய்ந்த சைக்கிளைப் பிடித்து நிமிர்த்தினான்.

"தெரிஞ்சுகொண்டே ஒரு கிழமையா வாயைத் திறக்காம இருந்தீங்களா?" பஞ்சைக் கீழே போட்டாள். "உப்புக்குக் கத்தத் தெரிஞ்ச மனுசனுக்கு இதைச் சொல்லத் தெரியேல்லையா?"

"சொன்னா நீ இப்பிடி அழுவாய் எண்டுதான்."

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். ஷிராஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொலைபேசியைப் பார்த்தான்.

"நான் இன்னொரு நாளைக்கு வரட்டா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்லைத் தம்பி, குறை நினைக்காதீங்கோ. சைக்கிள் விக்கேல்ல. அது இவரை விழுத்தேல்ல. நான்தான் விழுத்தினனான்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் சைக்கிளுக்குப் பக்கத்தில் போத்தலோடு வந்து நின்றாள். எண்ணெயைத் தொட்ட விரல் அந்தரத்திலேயே நின்றது. புஷ்பராஜ் அந்தக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சங்கிலியில் வைத்தான். "இஞ்ச பூசு. இதுக்கு எண்ணெய் வேணும்," என்றான். தேங்காய் எண்ணெய் சங்கிலிக்கும் ஆகாது என்று சிறில் தலையில் அடித்துக்கொண்டது வேறு கதை.

மறுநாள் காலை அவன் புறப்பட்டபோது அவள் பல்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடக்கில் ஒரு வாகனமும் வரவில்லை, நாய் கூடக் குறுக்கே போகவில்லை. அவன் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தான். கிறீச் என்ற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான். அதைக் கேட்ட பிறகுதான் துஷ்யந்தி கதவைச் சாத்துவாள்.