சேராத நெஞ்செலும்பு

நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஈரத்துணி நிறைந்த வாளியை வடிவம்மாள் தானே தூக்கினாள். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் மருமகள் ஸ்டெஃபனி சும்மாதான் இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பாள். ஆனால், மகன் லோகேஸ்வரன் மாதா கோயிலில் அவளோடு மோதிரம் மாற்றிக்கொண்டதிலிருந்து இந்த நாலு வருஷமாக, வடிவம்மாள் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

பால்கனியை எட்டுவதற்குள் நெஞ்சுக்குள் 'டக்' என்றது. அன்றிலிருந்து இருமினாலும் புரண்டாலும் அதே சத்தம். பிளந்து கட்டிய எலும்பின் இரு பாதியும் ஒன்றோடொன்று உரசின. தலையணையை நெஞ்சோடு அணைத்து வலியை விழுங்கினாளே தவிர, யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள், சாப்பாடு வைக்க வந்த ஸ்டெஃபனிக்கு அது கேட்டுவிட்டது.

"மாமி, எலும்பு ஆடுது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மறுபடி என்னை அறுத்துப் போட்டாத்தான் உனக்கு நிம்மதி."

ஸ்டெஃபனி உடனே புருஷனுக்குப் போன் செய்து காரை வரவழைத்தாள்.

முறுக்கிக் கட்டியிருந்த கம்பிகள் எலும்பையே அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. கனமாக எதைத் தூக்கினீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுல ஒத்தாசைக்கு ஆள் இல்ல டாக்டர்."

டாக்டரின் பார்வை ஸ்டெஃபனி மேல் திரும்பியது. வடிவம்மாளுக்கு அதில் ஒரு திருப்தி. மருமகள் மறுத்துப் பேசாமல் நின்றதுதான் எரிச்சலாக இருந்தது.

பழைய கம்பிகளை எடுத்துவிட்டு, எலும்பின் குறுக்கே டைட்டானியம் தகடுகளை வைத்துத் திருகாணியால் இறுக்கினார்கள். மார்புத் தசையை இழுத்து மேலே மூடித் தைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த பக்கத்து வீட்டு முனுசாமியிடம், மருமகள்தான் தன்னை இரண்டாம் தரம் கத்திக்குக் கொடுத்தாள் என்று வடிவம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். கஞ்சியோடு ஸ்டெஃபனி வாசலில் நின்றாள். முனுசாமி நெளிந்து விடைபெற்றார்.

"நீங்க என்னை வெறுத்துக்குங்க லா, பரவால்ல. டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்களே, அதை நான் மறக்க மாட்டேன். இன்னொரு தரம் இப்படிச் செஞ்சா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். உங்க மகனே பாத்துக்கட்டும்."

வடிவம்மாளின் வாயில் வசவு திரண்டது. ஆனால் கையூன்றி எழக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கஞ்சி குடிக்க யாராவது முதுகைத் தாங்கி நிமிர்த்தவேண்டும். ஸ்டெஃபனி கட்டிலருகே வந்து குனிந்தாள்.

"கையைக் கழுவினியா?"

"கழுவிட்டேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, அவள் தூக்க, இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.