வெளுத்த நிழல்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து மூத்த மருமகளின் நிழல் வெள்ளையாக விழுந்தது. சலவைக்கடையின் பின்கட்டில், சிமெண்டுத் தரைமேல் கொண்டை முதல் குதிகால்வரை தெளிவாகத் தெரிந்தது.

காரணம் வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. அந்தக் கடையில் ஆளுக்கொரு தொட்டி. யார் எத்தனை சொட்டு நீலம் விடுகிறாள், எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுகிறாள் என்பதைக் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். மூத்தவள் பதினாறு வருஷமாகக் கை வெந்து உழைத்தவள். ஆனால் நேற்று வந்த ஓரகத்தி அலசிய டாக்டர் கோட்டைப் பார்த்துத்தான் ஆட்கள் கண் கூசி நின்றார்கள். கடைச்சாவியைச் சின்னவளிடமே கொடுத்துவிடலாம் என்று மாமியார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்து மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவள் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, அவள் தொட்டியில் ஊறிய கோட்டுகள்மேல் ஒரு வாளி பவுடரைக் கவிழ்த்தாள். துணி நைந்து சின்னவள் மானம் போகட்டும் என்பது நினைப்பு. முதுகில் வெயில் அடித்ததையும், குனிந்த தன் நிழல் தொட்டிக்குள் விழுந்து கோட்டுகளோடு ஊறியதையும் அவள் கவனிக்கவில்லை.

இஸ்திரி வைத்ததும் கோட்டுகள் பொடிந்தன. மாமியார் கோட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கே வெள்ளை நிழலை மறைக்க வழி தெரியாது. சாவி அன்றைக்கே சின்னவள் இடுப்புக்குப் போனது.

அடுத்த வாரம் மூத்தவளின் நிழல் விழுந்த மேசைவிரிப்பில் மைக்கறை காணாமல் போயிருந்தது. அவ்வளவுதான், அழுக்குக் காலரோடு ஜனம் வரிசை கட்டியது. அவள் வெயிலில் சும்மா நின்றால் போதும். சின்னவள் சாவிக்கொத்தோடு வாசலுக்கு வந்தால், "அவங்க இல்லையா?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சின்னவள், ஒருநாள் சாவிக்கொத்தை மூத்தவள் மடியில் வைத்தாள். "இதை நீங்களே வெச்சுக்குங்கக்கா. அன்னைக்கு எவ்வளவு பவுடர் போட்டீங்க, அதை மட்டும் சொல்லிடுங்க."

மூத்தவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒரு பிடிதாம்மா" என்றாள்.

சின்னவளின் நிழல் பழுப்பாகத்தான் வெளுத்தது. "சரியா ஊறலை போலிருக்கு" என்று மூத்தவள் ஆறுதல் சொன்னாள். இப்போதும் இருவரும் பின்கட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். வெள்ளை நிழலில் டாக்டர் கோட்டுகள் காய்கின்றன, பழுப்பு நிழலில் கால்மிதிகள்.