வாயடைத்த கருவி

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு ஒரு வியாதி. ஆபத்து வந்தால் கத்துகிற கருவியைக் காசு கொடுத்து வாங்குவார்கள். வாங்கிக்கொண்டு வந்ததும் முதல் கேள்வி, "இதோட சத்தத்தை எப்படி நிறுத்தறது?" காரில் பெல்ட் போடாவிட்டால் சத்தம் வருகிறது என்று, வெறும் கொக்கியைத் தனியாக வாங்கிச் செருகிவிட்டு ஜம்மென்று போகிறவர்கள் இருக்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறாய் என்று கேட்டால் சிரிப்புதான் வரும்.

தையல் ஆலைக்கு வேன் ஓட்டிய பெரியவருக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சாலையில் ஒரு காகிதம் பறந்தாலும் மிதித்துவிடுவார் என்பதால் ஷெட்டில் அவருக்குப் பெயர் 'பிரேக்கு'. அவர் மகளும் அதே ஆலையில்தான் வேலை. ஒரு வரிசைத் தையல்காரிகளுக்கு மேற்பார்வையாளர். தினமும் அப்பாவின் வேனில், அவர் பக்கத்து இருக்கையில்தான் போவாள்.

ஆள் ஏற்றுகிற ஒவ்வொரு வண்டியிலும் டயர் காற்றைக் கண்காணிக்கும் கருவி இருக்க வேண்டும் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். வேன் முதலாளி அந்த வேலையை, ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் தன் மச்சானிடம் தள்ளினார். மச்சான் பிரேக்கையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான்.

கடைக்காரர் இரண்டு வகையை எடுத்துப் போட்டார். "இது டயருக்கு உள்ள, ரிம்மோட சேர்த்து மாட்டறது. டயரைக் கழட்டித்தான் மாட்டணும், வேலை கொஞ்சம் அதிகம். ஆனா ஒருத்தரும் கை வைக்க முடியாது. இந்த இன்னொண்ணு வால்வு மூடி மாதிரி. வெளியில திருகினா போதும். காத்து குறைஞ்சா ரெண்டுமே கத்தும்."

"திருகறதே போதும். ஆலைக்காரன் கேட்டா காட்டறதுக்கு ஒரு ஸ்கிரீன் இருக்குல்ல?" என்றான் மச்சான்.

"ரெண்டும் வேண்டாம். என் காலே மீட்டர்தான். ஒரு உதை விட்டா டயர் பதில் சொல்லும்" என்றார் பிரேக்கு.

கடைக்காரர் அவர் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், மூடி வகையைப் பொட்டலம் கட்டினார்.

மாட்டிய வாரத்திலேயே கருவி கத்தியது. முன்பக்க இடது டயரில் காற்று இறங்குகிறதாம். பிரேக்கு இறங்கிப் போய் ஒரு உதை விட்டார். கல் மாதிரி இருந்தது. "பொய் சொல்லுதே, கழுதை" என்று திட்டிவிட்டு, அதன் பொய்யை நிரூபிப்பதற்காகவே பஞ்சர் கடைக்கு ஓட்டிப்போனார். அங்கே காற்றை அளந்து பார்த்தால், கருவி சொன்னது சரி, கால் சொன்னது தப்பு. திரும்பி வரும் வழி முழுக்க அந்தச் சின்னத் திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாதல்லவா.

அந்த டயர் உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தது. இன்று காற்றடித்தால் நாளை இறங்கும். கருவியும் விடாமல் கத்தும். பின்னால் உட்கார்ந்த பெண்கள், "பெரியப்பா, அந்தக் கத்தற வண்டை யாராவது நசுக்குங்களேன்! தூங்கவும் விட மாட்டேங்குது, பேசவும் விட மாட்டேங்குது" என்றார்கள். பிரேக்கு மச்சானிடம் புது டயர் கேட்டார். "நான் பாத்துக்கறேன் பெரியவரே, நீங்க நிம்மதியா ஓட்டுங்க" என்றான் அவன்.

மறுநாள் காலை கருவி வாயைத் திறக்கவில்லை. திரையில் நான்கு டயரும் பச்சை. பெண்கள் குஷியாகக் கதை பேசினார்கள். பிரேக்கு மட்டும் அடிக்கடி திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். தினமும் அழுகிற பிள்ளை திடீரென்று அழாவிட்டால் பெற்றவன் சந்தோஷமா படுவான்? பெருஞ்சாலையில் ஏறுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டினார்.

முன் இடது டயர் பிதுங்கிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. வால்வின் மேல் கருவியின் மூடி இல்லை, சாதாரணக் கறுப்பு மூடி. பிரேக்கு தரையில் கன்னத்தை வைத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த மாற்று டயரான ஸ்டெப்னியின் வால்வில், காணாமல் போன மூடி ஜோராக உட்கார்ந்திருந்தது. உருளாத டயரில் காற்று ஏன் குறையப்போகிறது?

இன்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். மச்சானுக்குப் போன் போட்டு, "வா" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

"என்ன பெரியப்பா இது! கேட்டை மூடிடுவாங்க!" என்று கத்தினாள் ஒருத்தி.

"மூடட்டும். இது நகராது."

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு தரம் தாமதமானால் மேற்பார்வை வேலை போய்விடும் என்று அவளை எச்சரித்திருந்தார்கள். "அப்பா, உங்க பிடிவாதத்தைக் காட்ட இன்னிக்குத்தானா கிடைச்சுது? இன்னிக்கு மட்டும் மெதுவா ஓட்டுங்க. எத்தனை பேர் கண்ணு என் மேல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் வேலை போனா வேற வேலை தேடலாம். நீயே போனா நான் எங்க போய்த் தேடறது?"

மச்சான் பைக்கில் பறந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான். "ஸ்டெப்னியும் டயர்தானே பெரியவரே. அதுக்கும் காத்து பாக்க வேண்டாமா?"

"அப்ப நீ ஸ்டெப்னி மேல உக்காந்து போ."

"சரி, அந்த ஸ்டெப்னியையே கழட்டி மாட்டிக்கங்களேன்."

"அது மொட்டை. நூல் தெரியுது. காத்துதான் இருக்கு, உடம்பு இல்ல. நீ வாங்கிக் குடுத்த லட்சணம்!"

மச்சானுக்குக் கோபம் வந்தது. "சாவியைக் குடுங்க. நானே ஓட்டறேன். உங்களை மாதிரி எல்லாத்துக்கும் மிதிக்கற ஆள் நான் இல்ல."

பிரேக்கு சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இந்தா. ஆனா ஒண்ணு. உன் பொண்டாட்டி பிள்ளைகளை வரச் சொல்லு. முன் சீட்டுல உக்கார வை. அப்புறம் பெருஞ்சாலையில ஏறு. நான் கைதட்டி வழியனுப்பறேன்."

மச்சானின் கை பாதி வழியில் நின்றது.

மகள் மெல்ல இறங்கினாள். குனிந்து அந்தப் புடைப்பைத் தொட்டாள். சுட்டது. கையை எடுத்துக்கொண்டவள் மச்சானைத் திட்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் விரலைப் பார்த்தாள். ஊசி ஏறி, கட்டுப் போட்ட விரல்.

"எங்க மிஷின்ல ஊசிக்கு முன்னாடி ஒரு தடுப்பு இருக்கு. அது இருந்தா வேகம் வரலன்னு கழட்டி வைக்கச் சொன்னது நான்தான். வெளியிலேர்ந்து ஆளுங்க சோதனை பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் மாட்டிக்கங்கன்னு சொன்னதும் நான்தான். இவர் செஞ்சதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். வேனின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. ஆபத்தைச் சொல்ற வாயை அடைச்சுட்டா ஆபத்து போயிடாது. அது சத்தம் போடாம வரும், அவ்வளவுதான். பாதுகாப்புங்கறது பாக்க வர்றவங்களுக்குக் காட்டற பொருள் இல்ல. நம்ம உசுருக்கு நாம செய்யற வேலை."

அங்கேயே நின்று ஆலைக்குப் போன் போட்டாள். "வண்டி டயர் சரியில்ல சார், லேட்டாத்தான் வருவோம். என்னைத் தூக்கறதா இருந்தா தூக்கிக்கங்க. ஆனா ஊசித் தடுப்பு மாட்டாம இனி என் வரிசையில ஒரு மிஷினும் ஓடாது." பதிலுக்குக் காத்திராமல் துண்டித்தாள். விரலில் கட்டுப் போட்ட பெண் முதலில் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் இறங்கினார்கள்.

செய்தி கேட்டு முதலாளி வேறொரு வேனோடு வந்து சேர்ந்தார். மச்சானைப் பார்த்த பார்வையிலேயே அவனுக்குப் பாதி உயிர் போயிற்று. "அண்ணே, தப்பு எங்க பேர்லதான்" என்றார் பிரேக்கிடம். "இன்னிக்கே புது டயர். அதோட, உள்ள மாட்டற வகைக் கருவியே வாங்கிடறேன். இனி ஒருத்தனும் கழட்ட முடியாது."

"ஸ்கிரீனு எங்க இருக்கும்?"

"வண்டிக்குள்ளதான், உங்க கண்ணு முன்னாடி."

"அதுக்கு வயர் இருக்கும்ல?"

"இருக்கும்."

"அதைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பிரேக்குக்குப் பிடிக்காதது.

"நீங்க கருவியை மாத்துவீங்க முதலாளி. கருவி நல்லதுதான், நானே பாத்துட்டேன். ஆளை எந்தக் கடையில மாத்துவீங்க?" என்று சாவியை அவர் கையில் வைத்தார். "புது டயரை மாட்டினப்புறம் சொல்லி அனுப்புங்க. நான் வந்து பாத்துட்டு ஓட்டறதா வேண்டாமான்னு சொல்றேன்."

"அப்பா, இந்த வேன்ல ஏறுங்க, பாதி வழியில இறங்கிக்கலாம்" என்று கூப்பிட்டாள் மகள்.

அவர் அந்த வேனின் நான்கு டயரையும் ஒரு சுற்று பார்த்தார். "இது சரியா இருக்கு, நீங்க போங்க" என்று தலையை ஆட்டினார். சாலையோரமாக நடக்கத் தொடங்கினார், திரும்பிப் பார்க்காமல்.