மகள் படித்த கணினி

டாரில் தன் கராஜில், விற்க வைத்திருந்த பழைய கணினியை ஓடவிட்டுக் காட்டினான். பெட்டிக்குள் நீலமும் பச்சையுமாக விளக்குகள் மின்னின. விலை அறுநூறு டாலர்.

“பேரம் பேசுறதா இருந்தா இப்பவே கிளம்பிடு. விலை குறையாதுன்னு விளம்பரத்துலயே போட்டிருக்கேன்,” என்றான்.

“விளக்குக்கா அறுநூறு?” என்றாள் வாங்க வந்திருந்த லியான். “அணைச்சுட்டுத் தெறந்து காட்டு.”

“எதுக்கு? இது பெர்த் நகரத்தை விட்டு வெளிய போனதே இல்ல. என் பொண்ணு ஹோம்வொர்க் பண்ணினது, அவ்வளவுதான்.”

“அப்போ தெறக்கிறதுல உனக்கென்ன வலிக்குது?”

முணுமுணுத்துக்கொண்டே அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினான். கண்ணில் படுகிற இடமெல்லாம் துடைத்து வைத்திருந்தான். லியான் அடியில் மறைந்திருந்த பவர் சப்ளையின் விசிறிக்குள் விரலை விட்டு எடுத்தாள். விரல் நுனி செங்கல் நிறத்தில் வந்தது. வடக்கே, இரும்புச் சுரங்கப் பக்கம் பறக்கிற மண். அவளுடைய முன்னாள் கணவன் அங்கே வேலை பார்த்தவன். அவனை விரட்டிப் பல காலமாகியும் அந்த மண் அவள் தலையணை உறைகளை விட்டுப் போகவில்லை.

“உன் பொண்ணு சுரங்கத்துக்குள்ளயா ஹோம்வொர்க் பண்ணினா?”

டாரிலின் முகம் சுண்டியது. “சரி, சுரங்க கேம்ப்ல கொஞ்ச நாள் வச்சிருந்தேன். ஒரு ஊது ஊதினா போயிடும். முந்நூறு குடு.”

லியான் விரலை அவனுடைய வெள்ளைச் சட்டையில் அழுத்தித் துடைத்தாள்.

“இதை ஊது, பாப்போம்,” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.